வெளிக்கொண்டி

ஆம்பூர் வெயிலை அறியாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. கத்திரி உச்சத்தில் இருக்கும்போது அங்கே மத்தியானத்தில் நாய்கூடத் தன் நிழலை வாயில் கவ்விக்கொண்டு போய் வேறு நிழலில் போட்டுத்தான் படுக்கும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்கை கால் மாற்றி மாற்றி நிற்கும். அந்த நேரத்தில் தெருவில் மனுஷ நடமாட்டம் என்பது கிடையவே கிடையாது. பாதிப் பேர் ஷூ கம்பெனியில் இருப்பார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் செத்த மாதிரிக் கிடப்பார்கள்.

தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தெருவில், அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ கொண்டி போட ஆரம்பித்தார்கள்.

கொண்டி என்றால் கதவுக்கு வெளிப்பக்கம் தொங்குகிற இரும்புக் கொக்கி. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது மாட்டுவது. உள்ளே ஆள் படுத்திருக்கும்போது வெளியிலிருந்து அதை மாட்டிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? திருட வந்தவன் கதவைத் திறப்பான், மூடமாட்டான். ஒரு சாமான் காணாமல் போகவில்லை. ஒரு குரல் கேட்கவில்லை. மெதுவாக ஒரு ‘கடக்’. பிறகு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இரண்டு இழுப்பு. அவ்வளவுதான். அடுத்த வீட்டில் ‘கடக்’. இரண்டு இழுப்பு.

முதலில் மாட்டிக்கொண்டவள் முத்துமாரி. கைக்குழந்தைக்காரி. சாயந்திரம் பால் வாங்கக் கிளம்பியவள் கதவு திறக்காமல் அலறி, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, எதிர்வீட்டார் வந்து கொண்டியை எடுத்துவிட்டார்கள். எவனோ விளையாடுகிறான் என்றார்கள். அடுத்த வாரம் ஒரு வரிசை முழுக்க விழுந்திருந்தது. அதற்கு அடுத்த வாரம் இரண்டு வரிசையும்.

தெரு அரண்டுபோனது. உச்சிவேளை முனி என்றார் ஒருவர். பழைய சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்தவன் வீடு தேடி அலைகிறான் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு வாசல் நிலையிலும் எலுமிச்சம்பழம் தொங்கியது. ஆம்பூர் மார்க்கெட்டில் பழம் தீர்ந்துபோய், பிரியாணிக்குப் பிழிய இல்லாமல் மக்கள் வாணியம்பாடிக்கு ஆள் அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவைத்தாற்போல் அந்தத் தெருவிலேயே பூட்டு, கொண்டி, தாழ்ப்பாள் விவகாரங்களில் ஒரு மகாநிபுணன் குடியிருந்தான். பெயர் பக்தவச்சலம். தோல் ஷாப்பில் ராத்திரி வாட்ச்மேன். கிடங்கு, சாய ரூம், கெமிக்கல் ரூம் என்று எல்லாக் கதவையும் விடிய விடிய சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்ப்பது அவன் வேலை. கிடங்குக்குள் எலி தும்மினால் அது ஆணா பெண்ணா என்று வெளியே நின்றபடியே சொல்லிவிடுவான். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். அவன் காவலுக்கு வந்த பிறகு ஒரு துண்டுத் தோல்கூட வெளியே போனதில்லை. அது மட்டும் நிஜம். மேனேஜர் அஸ்பாக் பாய் புதிதாக வரும் வாட்ச்மேன்களிடம், “தூங்காம இருக்கிறது எப்டின்னு பக்தாகிட்ட கத்துக்கோ” என்பார். பக்தவச்சலத்துக்கு அதுதான் பட்டம், பதவி, பத்மஸ்ரீ எல்லாம்.

அவன் மனைவி கலையரசி ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். காலையில் அவன் டூட்டி முடிந்து தெருமுனைக்கு வரவும், அவளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் வந்து நிற்கவும் சரியாக இருக்கும். சாவி கை மாறும். “ரசம் வச்சிருக்கேன்.” “சரி.” சாயந்திரம் அவள் இறங்கும்போது அவன் டார்ச்சும் கையுமாக நிற்பான். சாவி மறுபடி கை மாறும். அவன் வார லீவு செவ்வாய். அன்றும் ராத்திரி பழக்கதோஷத்தில் கண் மூடாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். அவளுடைய ஞாயிறு லீவையும் இந்தக் கோடையில் ஓவர்டைம் தின்றுவிட்டது. கட்டில் ஒன்றுதான். அது எப்போதும் ஒரு ஆள் சூட்டிலேயே இருந்தது. அவன் எழுந்த பள்ளத்தில் அவள் படுப்பாள், அவள் எழுந்த பள்ளத்தில் அவன். தோல் தொழில் நடக்கிற ஊர்களில் பாதிக் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது. யாரும் இதை அதிசயமாக நினைப்பதில்லை.

தெருவில் பெரியவர் இருதயராஜ். கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். அவர்தான் பக்தவச்சலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“பக்தா, ஊர் கதவெல்லாம் நீ காக்கிற. உன் தெருக் கதவுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?”

“பகல்ல நான் தூங்கணுமே அண்ணா. ராத்திரி டூட்டி.”

“ஒரு வாரம் கொஞ்சம் கம்மியா தூங்கு. செத்தா போய்டுவ?”

பக்தவச்சலம் மீசையைத் தடவிக்கொண்டே ஒத்துக்கொண்டான். கொண்டி போடுகிறவனைப் பிடித்துத் தெரு நடுவில் நிறுத்துகிறேன் என்று வாக்கும் கொடுத்தான். ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கோடையில் பகல் தூக்கம் அவனுக்குச் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே புரண்டு புரண்டு படுத்து, ராத்திரி டூட்டியில் கண் சொக்கி, ஒருநாள் கிடங்கு வாசலில் நின்றபடியே தலை தொங்கிவிட்டது. பட்டம் பறிபோகுமே என்கிற பயத்தில், கூட்டாளி ஒருத்தன் சொன்ன தூக்க மாத்திரையை டாக்டரிடம் போகாமலே வாங்கிப் போட ஆரம்பித்தான். மோரில் கலக்கிக் குடித்தால் போதும், ஆள் கிணற்றில் போட்ட கல். எழுந்தால் சாயந்திரம்.

அதனால் என்ன ஆயிற்றென்றால், காவல் காக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட முதல் நாளே மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். எழுந்து, இருதயராஜிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனான்.

முத்துமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். “இன்னா அண்ணா, அந்த வெயில்ல செருப்புகூட இல்லாம சுத்தினு இருந்த. ஜன்னல்ல பாத்தேன். மனசுக்கு எவ்ளோ தைரியமா இருந்துச்சு தெரியுமா.”

பக்தவச்சலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. யாரையோ பார்த்து நான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணினான். ஆனால் பாராட்டு வாசல் தேடி வரும்போது கதவைச் சாத்துகிறவன் உண்டா? “கடமைம்மா” என்றான்.

மறுநாள் தெருக்கோடி மரியம்மாள். மகன் ஜோசுவா ஓசூரில் வேலை; அவள் தனியாக இருக்கிறவள். “தம்பி, உன்ன கூப்ட்டேன், மோர் குடிச்சிட்டுப் போன்னு. நீ திரும்பிப் பாத்த. ஆனா ஒண்ணும் பேசாம போய்ட்ட. அந்தப் பார்வை எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.”

“டூட்டில இருந்தா யார்கிட்டயும் பேசமாட்டேன் அக்கா” என்றான் பக்தவச்சலம். ஒருத்திக்குக் கண் மறைக்கலாம். இரண்டு பேருக்குமா?

அன்று வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது எரிந்தது. திருப்பிப் பார்த்தான். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். தோசைக்கல்லில் நின்றவன் கால் மாதிரி. கட்டிலில் படுத்தே கிடந்தவனுக்குக் கொப்புளம் எங்கிருந்து வரும்? சுவரில் ஆணியில் தொங்கிய அவன் காக்கிச் சட்டையைப் பார்த்தான். காலையில் வலது கையை உள்ளே மடித்துத் தொங்கவிட்டிருந்தான். இப்போது இரண்டு கையும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தான். முதுகுப்பக்கம் ஈரம்.

யாரோ நம் சட்டையைப் போட்டுக்கொண்டு, நம் முகத்தையும் போட்டுக்கொண்டு, நாம் தூங்கும்போது தெருவில் நடக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் பக்தவச்சலத்துக்கு அந்தக் கொதிக்கிற வீட்டில் பல் கிட்டியது. காவல்காரன் வாயால் இதை யாரிடம் சொல்வது? மறுநாள் காலையில் கலையரசியிடம் சாவி வாங்கும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தான். பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

கொண்டி மட்டும் நிற்கவில்லை. காவல்காரன் நடக்கிற தெருவிலேயே தினமும் கொண்டி விழுந்தது. “உன் முதுகுக்குப் பின்னாலயே போட்டுனு வர்றான்னா அது மனுஷனே இல்ல” என்றார் இருதயராஜ். அதைக் கேட்டதும் பக்தவச்சலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முனியோ மனுஷனோ, கை இருக்கிறதல்லவா? கை இருந்தால் போதும்.

தோல் ஷாப்பில் ஒரு பழைய யுக்தி உண்டு. சாய ரூம் பொடி இருக்கிறதே, அது மாட்டுத்தோலுக்கு மட்டுமல்ல, மனுஷத் தோலுக்கும் சாயம்தான். நீலம் கையில் பட்டுவிட்டால் சோப்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எதற்கும் மசியாது. பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்தால்தான் போகும். சாய ரூமில் வேலை செய்கிறவன் கல்யாணத்துக்குப் போனால் மொய்க்கவரில் கைரேகையோடு வைப்பான். அந்தப் பொடியில் கொஞ்சம் கேட்டு வாங்கி, விளக்கெண்ணெயில் குழைத்துக்கொண்டான். கலையரசி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறையை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, காலையில் டூட்டி முடிந்த கையோடு, தெருவில் ஒவ்வொரு கொண்டிக்கும் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தடவிவிட்டான். வீட்டில் இருப்பவர்களிடம் இருதயராஜ் காதோடு காதாகச் சொல்லிவைத்தார்: இன்றைக்கு வெளிக்கொண்டியைத் தொடாதீர்கள்.

பக்தவச்சலம் கையுறையைக் கழற்றிக் கொடியில் போட்டான். கையை முகர்ந்து பார்த்தான், சுத்தம். இன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்று தீர்மானித்தான். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டு ராத்திரித் தூக்கம் கண்ணை அழுத்தியது. பாதி மாத்திரை போட்டால் ஒரு சின்னத் தூக்கம், அப்புறம் உச்சிவெயிலுக்கு எழுந்துவிடலாம் என்று அவன் மூளை அவனுக்கே நியாயம் சொன்னது. பாதி போட்டான். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் போட்டான்.

கருகல் வாசனை முதலில் வந்தது. அப்புறம் சத்தம். “டேய், விடாத, பிடி” என்று நாலைந்து குரல். பக்தவச்சலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்போது வந்தோம்? தலையணையில் ஒரு கை பதிந்திருந்தது. அஞ்சு விரலும் தெளிவாக, நீலத்தில். அவன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான்.

உள்ளங்கை முழுக்க நீலம்.

கொஞ்ச நேரம் அந்தக் கை தன்னுடையதுதானா என்று விரல்களை மடக்கிப் பார்த்தான். மடங்கின. கொடியில் கையுறை இரண்டும் காலையில் போட்டபடியே, நீல விரல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தன. அப்போது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முத்துமாரி பார்த்தது பொய்யில்லை. மரியம்மாள் பார்த்தது பொய்யில்லை. சட்டை ஈரம், கால் கொப்புளம். அவன் முகத்தைப் போட்டுக்கொண்டு நடந்தவன் வேறு யாருமில்லை.

கையை லுங்கி மடிப்பில் சுருட்டி மறைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

தெருக்கோடியில் மரியம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே இருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. அடுப்பில் இருந்த எண்ணெய் தீப்பிடித்து ஜன்னல் துணிக்குத் தாவியிருக்கிறது. மரியம்மாள் வாசலுக்கு ஓடிவந்திருக்கிறாள். கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. இப்போது அவள் எதிர்வீட்டு வாசற்படியில், முத்துமாரி மடியில் தலை வைத்து, பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். புடவை முந்தானை கருகியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கூட்டத்து நடுவில் காசி. தண்ணீர் கேன் போடுகிறவன், நாற்பது வயதுக்காரன். அவன் ஆட்டோ பக்கத்தில் கேன்கள் உருண்டு கிடந்தன. இரண்டு பேர் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். அவன் வலது கை நீலமாக இருந்தது.

“நான் தொறந்தேன்யா” என்றான் காசி. “உள்ள கதவ இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஓடியாந்து கொண்டிய எடுத்தேன். தண்ணி கேன் அத்தனையும் ஊத்தினேன். நீங்க வந்தப்போ ஊத்தினு தான இருந்தேன்.”

“போட்டவனே தொறந்தும் விடுவான்” என்றார் இருதயராஜ். “எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு உன்னவிட யாருக்குத் தெரியும்? இத்தன நாள் பயமுறுத்தின. இன்னிக்கி கெழவி செத்துப்போற மாதிரி ஆனதும் பேஜாராப் போய்த் தொறந்துட்ட. கை காட்டுதே.”

“பச்சக் கொழந்த இருக்கிற வீட்டுக்குமாடா போட்ட?” என்று ஒருத்தன் காசியின் கன்னத்தில் அறைந்தான். இன்னொருத்தன் ஆட்டோவைப் புரட்டிப் போடலாம் என்றான். தெரு பயந்துகிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்து இப்போது கோபம் வந்திருந்தது. ஒரு ஆளை அடித்துப்போட அது போதும்.

“பக்தா வந்துட்டான்” என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் வழி விட்டது. இருதயராஜ் அவன் லுங்கிச் சுருட்டலைப் பார்த்தார். “இன்னா, உன் கையிலயும் ஒட்டிக்கிச்சா? சாயம் தடவினவன் கையில சாயம் இல்லாமலா இருக்கும். அத விடு. இவன இன்னா பண்றது, நீ சொல்லு.”

இதைவிட நல்ல வாசல் ஒரு மனுஷனுக்குக் கிடைக்காது. அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிவிட்டார். தலையை ஆட்டினால் போதும். வேலை நிற்கும், பட்டம் நிற்கும், மீசை நிற்கும். பக்தவச்சலத்தின் தலை ஆடுவதற்குத் தயாராக இருந்தது.

காசி அவனைப் பார்த்தான். உதடு கிழிந்து ரத்தம். “அண்ணா, நீங்க சொல்லுங்க. நான் வர்றப்போ நீங்க இங்கதான நின்னினு இருந்தீங்க.”

காலரைப் பிடித்திருந்த இரண்டு பேரும் பக்தவச்சலம் பக்கம் திரும்பினார்கள்.

“இந்தக் கதவுகிட்டதான் நின்னீங்க. உள்ளேர்ந்து அந்தம்மா கத்துது. ஜன்னல்ல பொக வருது. நான் ‘அண்ணா அண்ணா’ன்னு கத்தினே ஓடியாறேன். நீங்க கொண்டிய ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்தீங்க. என்னத் திரும்பிப் பாத்தீங்க. ‘எல்லாம் சரி’ன்னு சொல்ட்டு நடந்து போய்ட்டீங்க.”

அதே சொல். ஒவ்வொரு ராத்திரியும், ஒவ்வொரு கதவிலும், கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டுப் பக்தவச்சலம் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. அதை வேறு யாரும் கேட்டதில்லை.

“அப்ப நீ பாத்திருக்க” என்று இருதயராஜ் அவன் தோளைப் பிடித்தார். “இவன் கொண்டி போட்டத நீ கண்ணால பாத்தியா, இல்லியா? ஒரே வார்த்த சொல்லு, போலீஸ்ல குடுத்துர்லாம்.”

பக்தவச்சலம் லுங்கி மடிப்பை அவிழ்த்தான். கையை விரித்து எல்லார் முன்னாலும் நீட்டினான்.

“அவன விடுங்க. நான் கையுறை போட்டுத்தான் தடவினேன். எங்க வீட்டுக் கொடியில கெடக்குது, போய்ப் பாருங்க. இது அப்புறம் ஆனது.”

“அப்புறம்னா?”

“நான்தான் போட்டேன் அண்ணா. இன்னிக்கி மட்டும் இல்ல. எல்லா நாளும்.”

“ஏன்யா?”

“தெரியாது. தூங்கிட்டு இருந்தேன்.”

யாரோ சிரித்தார்கள். ராத்திரியில் தூக்கத்தில் நடக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பட்டப்பகலில், கண்ணை முழுசாகத் திறந்துகொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, ஒருத்தன் தூங்கியபடி நடப்பான் என்று யார் நினைப்பார்கள்? வெளிச்சத்தில் நடக்கிறவன் முழித்திருப்பவன்தான் என்பது உலகத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் முதுகில் ஏறித்தான் அவன் தெருவில் வீடு வீடாகச் சுற்றியிருக்கிறான். சிரிப்பை நிறுத்தியவள் முத்துமாரி. “நான் பாத்தேன். ஜன்னலுக்கு நேரா வந்து நின்னாரு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா இமைக்கவே இல்ல. நான்தான் டூட்டின்னு நெனச்சிக்கினேன்.”

அந்த வெயிலில் தெருவே குளிரில் நின்றது போல நின்றது. காசியின் காலரைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

அன்று ராத்திரி பக்தவச்சலம் டூட்டிக்குப் போகவில்லை. கலையரசி சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. “பதினஞ்சு வருஷமா நீ எப்டி தூங்குவேன்னு எனக்குத் தெரியாதுயா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மனோரமா என்ற டாக்டரம்மா கதை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி பக்தவச்சலத்தைத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்க தூங்கறப்போ பக்கத்துல யார் இருப்பாங்க?”

“யாரும் இல்ல மேடம்.”

“அங்கதான் விஷயம் இருக்கு. தூக்கத்துல நடக்கிற வியாதி நடக்கிறவருக்குத் தெரியாது. பக்கத்துல படுக்கிறவங்கதான் சொல்லணும். உங்களுக்குச் சொல்ல ஆளே இல்ல.”

முனி இல்லை, பில்லி இல்லை என்றார் டாக்டரம்மா. ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் ஒரு பாதி எழுந்துவிடும், மறுபாதி தூங்கிக்கொண்டேயிருக்கும். எழுந்த பாதிக்குப் பழகின வேலை மட்டும்தான் தெரியும். கண் திறந்திருக்கும், கால் நடக்கும், கேட்டால் பதில்கூட வரும். யோசிக்கிறதும் ஞாபகம் வைக்கிறதும் தூங்குகிற பாதியில் இருக்கிறது. சின்ன வயதில் நடந்ததுண்டா என்று கேட்டார். பக்தவச்சலம் திமிரியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டான். “டேய், உன் காலுல அம்மா கொலுசு கட்டி வச்சிச்சே, எதுக்குன்னு நெனச்ச?” என்றான் அண்ணன். “அப்பாவும் நடப்பாரு. ஆட்டுப்பட்டில போய்ப் படுத்துனு இருப்பாரு.” உள்ளே உறங்கிக்கிடந்ததைத் தூக்கக் குறைச்சலும் மாறி மாறி வரும் பகல் தூக்கமும் கிளப்பியிருக்கும், அந்த மாத்திரை எண்ணெய் ஊற்றியிருக்கும் என்றார் டாக்டரம்மா. தெரியாமல் வாங்கிப் போட்ட அந்த மாத்திரையை இனிமேல் தொடக்கூடாது. ராத்திரி தூங்குகிற வேலையாக மாற்றிக்கொள்ள வேண்டும். நடந்தால் உலுக்கக்கூடாது, திட்டக்கூடாது. மெதுவாகப் பேசிக் கட்டிலுக்குத் திருப்ப வேண்டும். முக்கியமாக, யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு இந்தச் சேதி வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரில் எல்லாருக்கும் தூக்கத்தில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின மரியம்மாள், விடியற்காலையில் ஒரு கரும்பிசாசு நெஞ்சில் ஏறி உட்காரும், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது என்றாள். மனசு முழித்த பிறகும் உடம்பு முழிக்காத கோளாறு அது, பிசாசு இல்லையாம் என்று கலையரசி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். மரியம்மாளுக்கு அரை மனசு. பிசாசு இல்லாமல் அவளுக்கு என்னமோ வெறிச்சென்று இருந்தது. இருதயராஜ் குறட்டை ஜோலார்பேட்டை வரை கேட்கும், கூட்ஸ் வண்டிக்காரன் சிக்னல் என்று நினைத்து நிறுத்துவான் என்பது பழைய கேலி. இப்போது அவர் சம்சாரம் வேறு ஒன்று சொன்னாள்: “சத்தம் இருந்தா பரவால்ல. நடுவுல நின்னுபோய்டும். மூச்சும் நின்னுபோய்டும். நான் அந்த இருட்டுல எண்ணினே படுத்திருப்பேன், மறுபடி வருமான்னு.” இருதயராஜ் மறு வாரமே வேலூர் பஸ் ஏறினார்.

அஸ்பாக் பாய் பக்தவச்சலத்தைப் பகல் நேரக் கேட் காவலுக்கு மாற்றினார். “தூங்காம இருக்கக் கத்துக்குடுத்த. இப்ப தூங்கக் கத்துக்கோ” என்றார். பட்டம் போய்விட்டது. காசி மட்டும் இரண்டு வாரம் அவன் வீட்டுக்குத் தண்ணீர் போடவில்லை. மூன்றாவது வாரம் கேனை வாசலில் இறக்கிவிட்டு, தன் நீலக் கையை அவன் நீலக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “உனக்கு சீக்கிரம் உரியுது அண்ணா” என்றான்.

டாக்டரம்மா முன்னாலேயே எச்சரித்திருந்தார்: உடனே நின்றுவிடாது, ஒன்றிரண்டு தடவை வரும். கலையரசி கதவில் அவன் பழைய கொலுசைப் போல ஒன்று வாங்கிக் கட்டினாள். முதல் தடவையாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ராத்திரியில் ஒரே கட்டிலில் படுத்தார்கள்.

ஒருநாள் காலையில் அவள் டீயோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

“ராத்திரி நீ நடந்த.”

பக்தவச்சலம் காலைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. “எங்க போனேன்?”

“எங்கயும் போவல. கதவுகிட்ட போய் நின்ன. கொலுசு சத்தம் கேட்டு எழுந்து உன் எதிர்ல வந்தேன். என்னப் பாத்த. எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி பாத்த. ‘யாரு’ன்ன. ‘நான்தான்யா, கலையரசி’ன்னேன். ‘பாஸ் இருக்கா’ன்ன.”

“இன்னா சொன்ன?”

“உலுக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. ஆணில மாட்டியிருந்த என் கம்பெனி கார்ட எடுத்துக் காட்டினேன். தலைகீழா புடிச்சி நல்லா பாத்துட்டு, வழி விட்ட.” அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “அப்புறம் ஒண்ணு சொன்ன. அதத்தான் போன்ல எடுத்தேன். கேக்கறியா?”

கேட்கவேண்டாம் என்றுதான் அவனுக்கு இருந்தது. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினான். அவள் போனை அழுத்தினாள். முதலில் ஃபேன் சத்தம். கொலுசு ஒருமுறை அசைந்தது. பிறகு அவன் குரல். அவனுடையதுதான், ஆனால் ரொம்பப் பொறுமையான, ராத்திரி முழுக்க நடந்து பழகிய ஒரு குரல்.

“சத்தம் போடாம போங்க. உள்ள எல்லாரும் தூங்கறாங்க. நான் ஒருத்தன்தான் முழிச்சினு இருக்கேன்.”